மூன்றாவது தகடு: ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தொகுப்பியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

2013 மார்ச்சில் வருமான வரித் துறை நோக்கியா இந்தியா நிறுவனத்திடம் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கேட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையை முன்வைத்து எழுந்த அந்த வழக்கைப் பற்றி நம் வட்டாரத்தில் பேசியவர்கள் ஒன்று 'பன்னாட்டு மூலதனத்தின் வரி ஏய்ப்பு' என்றார்கள், இல்லையென்றால் 'முதலீட்டை விரட்டும் அரசு' என்றார்கள். வழக்குக்குள் இருந்த கேள்வியை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

கேள்வி இது. கைபேசியின் உடலை ஸ்ரீபெரும்புதூரில் நம் பிள்ளைகள் பூட்டினார்கள். அதற்குள் ஏறிய மென்பொருள் பின்லாந்திலிருந்து கம்பி வழியே வந்து இறங்கியது. அந்த மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்குக் கட்டிய பணம் ஒரு சரக்கின் விலையா, அல்லது ஓர் உரிமைக்கான தொகையா? உரிமைத்தொகை என்றால் கொடுக்கும்போதே வரியைப் பிடித்திருக்க வேண்டும் என்றது துறை. சரக்கு என்றால் அந்தக் கடமை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பொருள் என்பதா, எழுத்து என்பதா என்று இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் வாதாடினார்கள். பிரதி, ஆசிரியன், உரிமை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய விஷயங்கள்தான், கோடிக்கணக்கில்.

2013 செப்டம்பரில் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. 2014 ஏப்ரல் 25 அன்று கைமாற்றம் முடிந்தபோது, வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை வெளியே விடப்பட்டது. 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கி, உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேரை நேரடியாக வைத்திருந்த ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வழக்கு 2018இல் இரு நாட்டு அரசுகளின் உடன்பாட்டில் முடிந்தது. 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம், வேறு நிறுவனங்களின் வழக்குத் தொகுதி ஒன்றில், இத்தகைய மென்பொருள் விலை உரிமைத்தொகை ஆகாது என்று சொன்னது. அதற்குள் அந்த ஆலையின் பெண்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

நீதிமன்றம் கேட்டது மென்பொருள் பொருளா உரிமையா என்று. எனக்கு அதற்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மென்பொருளை ஆக்கிய கருவி எது, அது யார் கையில் இருந்தது?

2

மனிதர் எழுதுவது மூல நிரல். எந்திரம் ஓட்டுவது எண்களின் வரிசை. முன்னதைப் பின்னதாக மாற்றுவது தொகுப்பி, எல்லாரும் சொல்கிறபடி கம்பைலர். மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லலாம், ஆனால் மொழிபெயர்த்த பிறகு மூலத்தை யாரும் தேட முடியாதபடி செய்துவிடுகிற மொழிபெயர்ப்பாளர். கடையில் கிடைக்கும் கைபேசியில் இருப்பது பெயர்ப்பு மட்டும்தான்.

தொகுப்பியும் ஒரு நிரல்தான். அதற்கும் மூலம் உண்டு. அதை எடுத்து நாமே கட்டிக்கொள்ள முடியுமா என்று நான் முயன்றது 2012 கோடையில், சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில். அறையில் நாலு பேர். மூன்று பேர் சுற்றுவட்ட ஆலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள். கணினி என்னுடையது இல்லை. அறைத் தோழர் ஒருவரின் தங்கைக்குக் கல்லூரியில் கிடைத்த அரசின் இலவச மடிக்கணினி, விடுமுறைக்கு இரவல். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்த இரண்டாவதைத் திறந்தே பார்த்ததில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். யுனிக்ஸின் வம்சம் அது.

கட்ட நினைத்தது ஜிசிசி, குனூ திட்டத்தின் தொகுப்பி. அந்த மார்ச்சில் 4.7 பதிப்பு வந்திருந்தது. மூலத்தைப் பிரித்து, அதற்கு வெளியே தனியாக ஒரு கட்டுமான அடைவு போட்டு, 'கன்ஃபிகர்' ஓட்டினால் அது முதலில் கேட்பது மூன்று கணித நூலகங்களை: ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி. சரி என்று அவற்றைத் தனித்தனியாகக் கட்டி நிறுவினேன். பிறகு 'மேக்'. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு நின்றது. ஆப்ஜெக்ட் கோப்பின் பின்னொட்டைக் கணிக்க முடியவில்லை என்று ஒரு பிழைச் செய்தி. பின்னொட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு முழு இரவு போயிற்று. அடியில் கிடந்த பதிவுக் கோப்பை வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது: புதிதாகப் பிறந்த தொகுப்பிக்கு எம்பிசி நூலகம் எங்கே இருக்கிறது என்று சொல்லப்படவில்லை, அதனால் அது எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருக்காததைத்தான் அந்தச் செய்தி 'பின்னொட்டு தெரியவில்லை' என்று சொன்னது. (அந்த மூன்றையும் மூல அடைவுக்குள்ளேயே போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. அதற்கென்று ஒரு சிறு நிரலும் உள்ளேயே இருக்கிறது. வழிமுறையை முழுசாகப் படிக்காத என் அவசரம்.)

அந்த வருட மின்வெட்டு நினைவிருக்கும். எப்போது போகும், எப்போது வரும் என்று கணக்கே இல்லை. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும், அதுவும் மடிக்கணினியைக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல் வைத்து விசிறினால். ஆனால் 'மேக்' ஒரு நல்ல மேஸ்திரி. முடிந்த வேலையைக் கோப்புகளின் நேரத்தை வைத்துத் தெரிந்துகொண்டு, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்றாம் இரவு விடியும் நேரத்தில் திரையில் அது வந்தது: இரண்டாம், மூன்றாம் கட்டங்களை ஒப்பிடுகிறேன், ஒப்பீடு வெற்றி.

இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் அறையின் ஃபிட்டர். ஐம்பதை நெருங்கியவர். அம்பத்தூரில் டூல் ரூமில் இருந்து, அந்தக் கடை மூடிய பிறகு ஒப்பந்தத்தில் ஓரகடம் பக்கம் வந்தவர். அவர் கேட்டார்: "இன்னா தம்பி, கம்பைலர் கட்றதுக்கு கம்பைலர் வேணும்ன்ற. அப்போ மொத கம்பைலர எவன் கட்னான்?"

இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல முயன்ற பதில்தான்.

3

கையால் கட்டினார்கள் என்பது நேரான பதில். 1952இல் கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் எந்திரத்துக்கு ஏ-0 என்ற ஒன்றைச் செய்தார். இன்றைய பொருளில் அது தொகுப்பி இல்லை, தயாராக இருந்த நிரல் துண்டுகளை எடுத்துக் கோப்பது. 'தொகுப்பி' என்ற பெயர் அந்தக் கோப்பதிலிருந்து வந்தது, மொழிபெயர்ப்பதிலிருந்து இல்லை. 1957இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டது. அதற்குப் பின்தான் எந்திர எண்களில் எழுதிவந்த பூசாரித்தனம் கொஞ்சம் தளர்ந்தது.

நமக்கு வேண்டிய கிளை 1969இல், பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. கென் தாம்சன் பி என்ற சிறு மொழியை முதலில் வேறொரு கருவியில் எழுதினார். பிறகு அதே பி மொழியில் பி-யின் தொகுப்பியைத் திருப்பி எழுதினார். பழைய தொகுப்பி புதியதைப் பெற்றது, அதற்கப்புறம் பழையது தேவையில்லை. ஏணியில் ஏறி ஏணியை உதைத்துவிடுவது. டென்னிஸ் ரிச்சி அதை வளர்த்து சி ஆக்கினார். 1973இல் யுனிக்ஸின் கருவே சி-யில் திருப்பி எழுதப்பட்டது. இயங்குதளம் எந்திரத்திலிருந்து கழன்றது அப்போதுதான். சி தொகுப்பி ஒன்றை ஒரு புது எந்திரத்தில் எழுப்பிவிட்டால் யுனிக்ஸும் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும்.

இதில் ஒரு சட்ட விபத்தும் இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி, 1956இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட ஏகபோகத் தடுப்பு ஒப்பந்தத்தால் தொலைபேசி தவிர வேறு வியாபாரம் செய்ய முடியாது. எனவே யுனிக்ஸை மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்தது. சிட்னியில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் 1976-77இல் அந்த மூலத்தை அச்சிட்டு, வரிக்கு வரி உரை எழுதி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். நம்மூர் உரையாசிரிய மரபில் வந்தவர் என்று சொல்லத் தோன்றுகிறது: மூலம் ஒரு கட்டு, உரை ஒரு கட்டு. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம் மூலத்தை வகுப்பறையில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்றது. அதன் பிறகு பதினேழு வருடம் அந்த உரை ஜெராக்ஸின் ஜெராக்ஸாக உலகம் முழுக்கத் திரிந்தது. முறையாக அச்சானது 1996இல். அல்தூஸரையும் கிராம்ஷியையும் மங்கிய நகல்களில் படித்த நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1984 ஜனவரி 1 அன்று ஏடி அண்ட் டி உடைக்கப்பட்டது. உடைந்த கையோடு வியாபாரத் தடையும் விலகியது. யுனிக்ஸ் விலைச்சரக்கானது. ஏகபோகத்தை உடைத்த தீர்ப்பு மூலத்தைப் பூட்டியது. அரசு தலையிட்டால் பொதுவாகிவிடும், சந்தை திறந்தால் விடுதலை கிடைக்கும் என்று இரு பக்கமும் எளிதாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

4

ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தது 1983 செப்டம்பரில். ஓர் இயங்குதளம் முழுவதையும் கட்டற்றதாகத் திருப்பி எழுத வேண்டும் என்றால் முதலில் வேண்டியது தொகுப்பி. ஆம்ஸ்டர்டாமின் 'ஃப்ரீ யுனிவர்சிட்டி' தயாரித்திருந்த ஒரு தொகுப்பித் தொகுதியைப் பயன்படுத்தலாமா என்று அதன் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகம்தான் ஃப்ரீ, தொகுப்பி ஃப்ரீ இல்லை என்று நக்கலாகப் பதில் வந்ததாக ஸ்டால்மனே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லே இலவசமும் விடுதலையும் என்பதால் அவர்கள் பல வருடங்களாக மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, இலவசம் வேறு கட்டற்றது வேறு. ஆனால் எங்களிடம் இருந்த அந்த மடிக்கணினியை எல்லாரும் 'இலவச லேப்டாப்' என்றுதான் சொன்னார்கள். அதில் கட்டற்றதாக இருந்த பாதியை யாரும் தொடவில்லை.

1987 மார்ச்சில் ஜிசிசியின் முதல் வெளியீடு வந்தது. அது பரவியதற்குக் காரணம் கொள்கை மட்டும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1990களின் தொடக்கத்தில் சன் நிறுவனம் சோலாரிஸ் 2 இயங்குதளத்தோடு தொகுப்பியைச் சேர்த்துத் தருவதை நிறுத்தி, தனியாக விலை வைத்தது. பணம் கொடுக்க மனமில்லாத பொறியாளர்கள் கூட்டமாக ஜிசிசிக்கு வந்தார்கள். 1997இல் திட்டத்தின் மெத்தனம் பொறுக்காத ஒரு குழு பிரிந்து போய், ஈஜிசிஎஸ் என்று தனிக் கடை போட்டது. 1999 ஏப்ரலில் பிரிந்தவர்களே அதிகாரபூர்வ ஜிசிசி ஆனார்கள். பிளவுக்குப் பிறகு ஒன்றுசேர்ந்த இயக்கம் ஒன்றை நம் பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தியக் கதை தனி. 1960களில் கல்கத்தாவின் இலாகோ கட்டடத்துக்குள் எல்ஐசியின் கணினி நுழையாதபடி ஊழியர்கள் இரவும் பகலும் காவல் காத்தார்கள். 1983இல் வங்கிச் சங்கங்கள் எத்தனை எந்திரம், எந்த வேலைக்கு என்று எண்ணிக்கை பேசி ஒப்பந்தம் போட்டன. ரங்கராஜன் குழுவுக்குப் பின், எண்பதுகளின் இறுதியில், வங்கிக் கிளைகளுக்குள் யுனிக்ஸ் எந்திரங்கள் வந்தன. அந்தச் சங்கங்களை நான் குறைசொல்லவில்லை, வேலையைக் காப்பது அவர்கள் கடமை. ஆனால் அந்த முப்பது வருட விவாதம் முழுவதிலும் எந்திரம் வரலாமா கூடாதா என்பதுதான் கேள்வியாக இருந்தது. வந்த எந்திரத்தின் கருவி யார் கையில் என்பது கேள்வியாகவே இல்லை. உற்பத்திச் சாதனங்களை உற்பத்தி செய்யும் துறை என்று மார்க்ஸ் தனியாகப் பிரித்து வைத்ததை மனப்பாடமாக ஒப்பித்த நாம், கணினியில் அந்தத் துறை எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தவறினோம். அது தொகுப்பியில் இருந்தது. மும்பை ஐஐடியில் உதய் கேட்கர் ஜிசிசிக்கென்று ஒரு மையம் வைத்து அதன் உள்ளுறுப்புகளைப் பட்டறை பட்டறையாகக் கற்பித்தார். அது போன்றவை நம் அரசியல் கவனத்துக்கு வரவே இல்லை.

5

ஃபிட்டரிடம் கட்டங்களை விளக்கினேன். பழைய தொகுப்பி கட்டுவது முதல் கட்டம். அந்த முதல் கட்டத் தொகுப்பியால் அதே மூலத்தைக் கட்டினால் இரண்டாம் கட்டம். அதைக் கொண்டு இன்னொரு தடவை கட்டினால் மூன்றாம் கட்டம். முதலாவது பழைய கருவியின் கைவண்ணத்தில் பிறந்தது, அதன் உடம்பு வேறு மாதிரி இருக்கும். இரண்டும் மூன்றும் ஒரே மூலத்தை ஒரே விதமாகப் பெயர்க்கத் தெரிந்தவர்களின் கையில் பிறந்தவை, ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் கட்டுமானம் சரி.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ரெண்டும் ஒத்துப்போச்சின்னா சரின்னு எப்பிடி சொல்ற? சர்ஃபேஸ் பிளேட்டு பாத்துகிறியா?" என்றார்.

பட்டறையில் எல்லா அளவையும் எடுக்கிற சமதளத் தகடு அது. அதைச் சமமாக்குவது எப்படி? ஒரு தகட்டில் நீலம் தடவி இன்னொன்றின் மேல் வைத்துத் தேய்த்தால் மேடான இடத்தில் நீலம் ஒட்டும். அந்த இடத்தை ஸ்க்ரேப்பரால் சுரண்ட வேண்டும். திரும்பத் தேய்க்க வேண்டும். முழுக்க நீலம் ஒட்டும்வரை. ஆனால் இரண்டே தகடுகளை வைத்து இப்படிச் செய்தால், ஒன்று லேசாகக் குழிந்தும் மற்றது அதே அளவுக்குப் புடைத்தும் இருக்கலாம். இரண்டும் அச்சாகப் பொருந்தும். இரண்டும் தப்பு. "அதுக்குத்தான் மூணு பிளேட்டு. ஒண்ணாங் பிளேட்டு ரெண்டோட, ரெண்டு மூணோட, மூணு ஒண்ணோட. மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒக்காரணும்னா மட்டமா இருந்தாத்தான் முடியும். வேற வழியே கெடையாது."

இதை ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் ஆய்வுக் கட்டுரையாகவே படித்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். துல்லியத்தை விடத் துல்லியமான வேறொன்றிலிருந்து இரவல் வாங்காமல், மூன்று முரட்டு இரும்புகளின் சண்டையிலிருந்தே எடுக்கிற வழி. எந்திரத் தொழிலின் மொத்தக் கட்டுமானமும் இந்த மூன்று தகடுகளின் மேல்தான் நிற்கிறது.

அவர் அறியாமல் தொட்ட இடம் கணினித் துறையின் மிகப் பெரிய சந்தேகம். 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை ஏற்று, கென் தாம்சன் ஓர் உரை கொடுத்தார். அது 1984 ஆகஸ்டில் அச்சானது. நம்பிக்கையை நம்புவது பற்றிய அந்த உரையில் அவர் சொன்னது இது. தொகுப்பியில் ஒரு சூது வைக்கலாம்: கணினியின் நுழைவு நிரலைத் தொகுக்கும்போது மட்டும் கள்ளச்சாவி ஒன்றைச் சேர்த்துவிடும். மூலத்தைப் படித்தால் அகப்பட்டுவிடுமே? அதற்கு இரண்டாவது சூது: தொகுப்பி தன் சொந்த மூலத்தையே தொகுக்கிறது என்று தெரிந்தால் இந்த இரண்டு சூதுகளையும் புதிதாகப் பிறக்கும் தொகுப்பிக்குள் வைத்துவிடும். ஒரு தடவை கட்டிவிட்டு மூலத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம். இனி மூலம் பரிசுத்தம். சூது பெயர்ப்பிலிருந்து பெயர்ப்புக்குத் தாவிக்கொண்டே இருக்கும். இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். குழியும் புடைப்பும். இந்த எண்ணம் 1974இல் மல்டிக்ஸ் அமைப்பைச் சோதித்த அமெரிக்க விமானப்படையின் அறிக்கையிலேயே இருந்தது. தாம்சன் அதைச் செய்தே பார்த்தவர். அந்தக் குறிமுறை 2023இல் அவர் அனுமதியோடு வெளியானபோது பார்த்தவர்களுக்கு வியப்பு அதன் அளவில்தான், அவ்வளவு சிறியது.

பிரதிக்கு வெளியே எதுவும் இல்லை என்று நாம் கொஞ்ச காலம் சொல்லித் திரிந்தோம். இங்கே பிரதியில் எதுவுமே இல்லை, வாசிக்கிற கருவியில்தான் எல்லாம். எத்தனை நெருங்கி வாசித்தாலும் இந்த அதிகாரம் வாசிப்பில் அகப்படாது.

இதற்கு மாற்று வந்தது 2005இல். டேவிட் வீலர் என்பவர் முன்வைத்து, 2009இல் முனைவர் பட்ட ஆய்வாக விரித்தது: சந்தேகத்துக்குரிய தொகுப்பியின் மூலத்தை அதோடு உறவே இல்லாத வேறொரு தொகுப்பியால் கட்டு. பிறந்ததைக் கொண்டு அதே மூலத்தைத் திரும்பக் கட்டு. வருவதை உன்னிடம் இருப்பதோடு ஒப்பிடு. இரண்டு தொகுப்பிகளும் ஒரே சூதைச் சொல்லிவைத்துக்கொண்டு சுமந்தால் ஒழிய வித்தியாசம் வெளியே வந்துவிடும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஃபிட்டரின் மூன்றாவது தகடு. அந்தத் தகட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு, அது வேறொருவர் வார்த்ததாக இருக்க வேண்டும். உலகம் முழுக்க ஒரே தொகுப்பி என்று ஆகிவிட்டால், அது எவ்வளவு கட்டற்றதாக இருந்தாலும், இந்தச் சோதனை செய்ய வழி இருக்காது.

6

நோக்கியாவுக்குத் திரும்புகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் அதிகம் பூட்டியது மலிவு விலைக் கைபேசிகள், அவற்றின் மென்பொருளுக்கு மூலம் என்ற பேச்சே வெளியில் கிடையாது. ஆனால் அதே நிறுவனத்தின் மேல்வரிசைக் கைபேசிகளில் ஓடிய சிம்பியன் 2010 பிப்ரவரியில் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. பெரிய செய்தி. மூலம் அத்தனையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் கைபேசிக்கு ஏற்றபடி அதைக் கட்ட எதிர்பார்க்கப்பட்ட தொகுப்பி ஏஆர்எம் நிறுவனத்தின் வணிகச் சரக்கு. ஜிசிசியில் கட்டவைக்கச் சிலர் முயன்றுகொண்டிருக்கும்போதே, 2011இல் நோக்கியா விண்டோஸ் பக்கம் சாய்ந்தது, சிம்பியனின் கதவும் மூடிக்கொண்டது. நெல்லைக் கொடுத்துவிட்டு ஆலையைப் பூட்டி வைத்த கதை. கோயில் நிலத்தில் பயிரிட்டவர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

அடுத்து வந்தது ஆப்பிள். ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2019 முதல் ஐஃபோன்கள் பூட்டப்படுகின்றன. ஆப்பிளும் ஒரு காலத்தில் ஜிசிசியில் வாழ்ந்த நிறுவனம்தான். 2007இல் குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. கருவியை விற்கிறவர், வாங்கியவர் மாற்றிக் கட்டிய நிரலை அது ஏற்காதபடி பூட்டக் கூடாது என்பது அதன் புது நிபந்தனைகளில் ஒன்று. ஆப்பிள், பழைய உரிமத்தில் இருந்த 4.2.1 பதிப்போடு ஜிசிசியை நிறுத்திக்கொண்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000இல் தொடங்கிய எல்எல்விஎம் திட்டத்தை வளர்த்து, க்ளாங் என்ற தொகுப்பியைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டது. அதன் மூலமும் திறந்ததுதான். ஆனால் நீங்கள் கட்டியதை ஐஃபோனில் ஏற்ற ஆப்பிளின் கையொப்பம் வேண்டும்.

2015 செப்டம்பரில் தாம்சனின் பேய் நிஜமாகவே வந்தது. சீனத்தில் நிரலர்கள் ஆப்பிளின் எக்ஸ்கோட் கருவியை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினால் நேரம் பிடிக்கிறது என்று உள்ளூர்ச் சேமிப்பகத்திலிருந்து எடுத்தார்கள். அது திருத்தப்பட்ட பிரதி. அவர்கள் நேர்மையாக எழுதிய செயலிகளுக்குள் அது தன் சரக்கைச் சேர்த்தது. ஆப்பிளின் கையொப்பத்தோடு அவை கடைக்கு வந்தன, பல கோடிப் பேர் வைத்திருந்த வீசாட்டும் அதில் ஒன்று. சூதுக்குப் பெயர் எக்ஸ்கோட்கோஸ்ட். எழுதியவர்களின் மூலத்தில் ஒரு வரி தப்பில்லை.

அதற்காக மூலத்திலிருந்து கட்டிவிட்டால் தப்பிவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நூலகத்தில் அகப்பட்ட கள்ளச்சாவி, மூலக் கட்டோடு வந்த கட்டுமான நிரலிலேயே ஒளிந்திருந்தது. மூலத்திலிருந்து கட்டினாலும் உள்ளே வரலாம். அதைப் பிடித்தது எந்த நிறுவனத்தின் பாதுகாப்புத் துறையும் இல்லை, உள்நுழைய அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று எரிச்சல்பட்ட ஒரு நிரலர்.

7

இராமானுசர் பிறந்த ஊர் இது. திருக்கோட்டியூர் நம்பி பதினெட்டு முறை நடக்கவிட்டுச் சொன்ன மந்திரத்தை அவர் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. கட்டற்ற மென்பொருள் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் ஒரு சங்கடம். சொன்னது மந்திரத்தை. கோயிலின் சாவி அப்போதும் இருந்த கைகளில்தான் இருந்தது.

கருவியின் அடிவரை போக முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2013இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து ஜிசிசியைக் கட்டவே சி++ தொகுப்பி வேண்டும். ஏணி ஒவ்வொரு வருடமும் உயரமாகிறது. எதிர்த்திசையில், கீழே இறங்கி, 2023இல் கைக்ஸ் என்ற லினக்ஸ் திட்டத்தினர் 357 பைட்டு அளவுள்ள ஒரு நிரலை மட்டும் விதையாக வைத்து, அதிலிருந்து படிப்படியாக ஜிசிசி வரை முழுவதையும் மூலத்திலிருந்தே எழுப்பிக் காட்டினார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவு.

அதை ஒரு தாளில் அச்சிட்டு எங்கள் ஃபிட்டரைப் பார்க்கப் போனேன். ஒப்பந்தம் முடிந்து இப்போது வாலாஜாபாத் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றித்தான் நிறையப் பேசினார். சங்கத்தைப் பதிவு செய்வதற்கே அந்தப் பாடு, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. பிறகு தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதான் மொதலா?"

"ஆமாண்ணா."

"சரி. இது எதும் மேல ஓடும்?"

இன்டெல் வகைச் செயலியில் என்றேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது. சென்னை ஐஐடியில் காமகோடி குழு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்கிற ரிஸ்க்-5 வரையறையில் சக்தி என்ற செயலியைச் செய்திருப்பதைச் சொன்னேன். 2017இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து ஜிசிசிக்கு அந்த வரையறை தெரியும், நாம் கட்டிய தொகுப்பி அதற்கும் நிரல் கட்டும்.

"எங்க வார்த்தாங்க அத?"

2018இல் வந்த முதல் சில்லை அமெரிக்காவின் ஆரிகனில், இன்டெல்லின் ஆலையில், 22 நானோமீட்டரில். அதே வருடம் இன்னொன்றைச் சண்டிகர் பக்கம், அரசின் குறைகடத்தி ஆய்வகத்தில், 180 நானோமீட்டரில்.

"ரெண்டு பிளேட்டு" என்றார்.